முதல் கையெழுத்து

விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இரண்டு 2008ஆம் ஆண்டிலிருந்து பொறியியல் கற்பித்து வருகின்றன. மயிலம், விக்கிரவாண்டி, அரசூர் என்று நெடுஞ்சாலையை ஒட்டித் தனியார் கல்லூரிகளும் உண்டு. இறுதியாண்டு தொடங்கியதும் இங்கெல்லாம் வேலைவாய்ப்புப் பயிற்சி ஆரம்பமாகிவிடும். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொள்வது எப்படி, நேர்காணல் அறைக்குள் எப்படி நுழைவது, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது, தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, மின்னஞ்சலை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, பன்னாட்டு நிறுவனத்தின் வாசலில் நிற்கப்போகும் ஒரு மாணவிக்கு இந்தப் பயிற்சி தரும் துணிவு சிறியதன்று. ஆனால் அந்தப் பயிற்சி முடிந்தபின் அவள் மனத்தில் பணிப்பண்பு என்பது பற்றி எந்த உருவம் தங்குகிறது என்று நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவள் கற்றதெல்லாம் உள்ளே நுழைவதற்கான நடத்தை. நுழைந்த பிறகு நாற்பது ஆண்டு காலம் அவளைத் தாங்கவேண்டிய நடத்தை எது என்று யாரும் அவளிடம் நிதானமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் பலருக்கு வழியில்லை. 2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 71.88 விழுக்காடு, மாநிலத்தின் சராசரியோ 80 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருபவர்களுக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை தரத் தொடங்கியது 2010இல். இந்தப் பகுதியின் கல்லூரிகளில் அச்சான்றிதழோடு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் அலுவலகம் பார்த்தவர் இல்லை என்பது உண்மை. வேலை பார்த்தவர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரும்பு வெட்டும் அப்பாவுக்கும் மல்லாட்டை பிடுங்கும் அம்மாவுக்கும், சென்னைக்குப் போய்க் கட்டட வேலை பார்க்கும் அண்ணனுக்கும், வேலையில் நேர்மை என்பது தனியாகப் பாடம் சொல்லித் தெரியவேண்டிய ஒன்றன்று. களை எடுக்காத வயல் பத்தே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். தூக்குக்குண்டு பார்க்காமல் எழுப்பிய சுவரை மேஸ்திரி அன்று மாலையே இடிக்கச் சொல்லிவிடுவார். அவர்களுடைய உழைப்புக்கும் அதன் விளைவுக்கும் நடுவே காகிதம் இல்லை. அவர்கள் பிள்ளை படித்துவிட்டுச் சேரும் வேலையில்தான் காகிதம் வருகிறது. அளவு, சோதனை முடிவு, அறிக்கை, ஒப்புதல் என்று ஒவ்வொன்றும் முதலில் எழுத்தாகிறது. பிறகே பணமாகவும் பொருளாகவும் மாறுகிறது. அந்த எழுத்தின் கீழே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். பொறியாளரின் வேலை நடத்தை என்று நாம் பேசும் எல்லாமும் கடைசியில் அந்தக் கையெழுத்து உண்மையா இல்லையா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூருக்கும் எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்துக்கும் இடையே, தென்பெண்ணையின் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் தேங்கியதைப் பார்க்க ஊர் மக்கள் திரண்டு போனார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறும் என்று நம்பினார்கள். 2021 ஜனவரி 23 அன்று எனதிரிமங்கலம் பக்கத்துத் தடுப்புச்சுவர் உடைந்து, தேங்கிய தண்ணீர் ஓடிப்போயிற்று. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் நால்வர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் தளவானூர் பக்கமும் சிதைந்தது. வெள்ளம் கரையை அரித்து ஊருக்குள் புகாமலிருக்க, எஞ்சிய கட்டுமானத்தின் ஒரு பகுதியை அரசே வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில் இதே ஆற்றின் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. அது 1950 வாக்கில் கட்டப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டு வெள்ளங்களைப் பார்த்துவிட்டுத்தான் உடைந்தது.

தளவானூர் அணை ஏன் உடைந்தது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. வடிவமைப்பிலா, அடித்தளத்திலா, கட்டிய விதத்திலா என்பது துறையும் நீதியும் சொல்ல வேண்டியது. ஆனால் இப்படி ஒரு கட்டுமானம் எழும்போது எத்தனை கையெழுத்துகள் விழுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அரசுப் பணிகளில் அளவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. துறைக்காரர்கள் எம்-புக் என்பார்கள். பள்ளம் எத்தனை அடி, கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கனமீட்டர் என்று உதவிப் பொறியாளர் களத்தில் அளந்து அதில் பதிய வேண்டும். மேலதிகாரி அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. கான்கிரீட் வார்க்கும்போது பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரங்களாக மாதிரி எடுத்து, நீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்த்து வலிமையை எழுத வேண்டும். இருபத்தெட்டு நாளை யாராலும் சுருக்க முடியாது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தவராலும் முடியாது. அளக்காமல் எழுதலாம், உடைக்காமல் எண் போடலாம் என்ற சலுகையைத் தனக்குத் தானே ஒருவர் கொடுத்துக்கொண்டால் அந்தச் சலுகையின் விலையை ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதும் முதல் கை பல நேரங்களில் ஓர் இளம் பொறியாளரின் கை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம் மாணவர்களுக்கு இதெல்லாம் பாடத்தில் இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் பொறியியல் நெறிமுறை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. கோல்பெர்க் கோட்பாடு, கில்லிகன் கோட்பாடு, பொறியியல் என்பது சமூகத்தின் மீது செய்யும் சோதனை என்ற கருத்து, மேலதிகாரியை மதித்தல், இரகசியம் காத்தல், பணியாளர் உரிமை எல்லாம் அதில் வருகின்றன. அந்தப் பாடத்துக்குரிய நூலில் சேலஞ்சர் விண்கலத்தின் கதையும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அது புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தனர். முந்தைய இரவு, கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள இரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவுவதைத் தள்ளிப் போடுங்கள் என்று மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதிட்டார்கள். நிர்வாகம் அவர்களை மீறி ஒப்புதல் தந்தது. அப்படி வாதிட்டவர்களில் ஒருவரான ராஜர் பாய்ஸ்ஜாலியின் பெயரை நம் மாணவர்கள் விடைத்தாளில் எழுதிவிடுவார்கள். ஏவுதளத்தில் அந்த நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்டு, ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார் என்பதை எத்தனை பேர் மனத்தில் கொண்டு போகிறார்கள் என்று தெரியவில்லை. அவர் மறுத்தும் விண்கலம் கிளம்பியது. வேறொருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டு பதவி இறக்கப்பட்டார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு, அதே ராக்கெட்டைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. தடுத்து நிறுத்த முடியாத இடத்திலும் தன் பெயரைத் தர மறுக்கும் உரிமை ஒரு பொறியாளருக்கு மிச்சமிருக்கிறது என்பதே அந்தக் கதையின் சாரம். நாமோ அதைப் பதின்மூன்று மதிப்பெண் வினாவாக்கி, விடையின் சுருக்கத்தை நகல் கடையில் விற்கவும் அனுமதித்துவிட்டோம்.

நெறியைப் பாடமாகக் கற்கும் அதே கட்டடத்தில் மாணவர் நான்கு ஆண்டுகள் வேறு ஒன்றையும் கற்றுக்கொள்கிறார். ஆய்வகத்தில் ரீடிங் சரியாக வராவிட்டால், சென்ற ஆண்டு சீனியரின் ரெக்கார்ட் நோட்டிலிருந்து எண்களை எடுத்து எழுதிக்கொள்ளலாம். வராத நண்பனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கலாம். அதைச் செய்து தரும் கடைகள் பெயர்ப்பலகை வைத்தே நடக்கின்றன. வாங்கிய புராஜெக்டின் முதல் பக்கத்தில், இது எங்கள் சொந்த உழைப்பு என்ற உறுதிமொழிக்குக் கீழே நான்கு பேர் கையெழுத்திடுகிறார்கள். வழிகாட்டியவர் அதன் கீழே ஒப்பமிடுகிறார். துறைத் தலைவர் அதற்கும் கீழே. அங்கே யாரும் கெட்டவர் இல்லை. அரியர் விழுந்துவிடுமோ என்ற பயம் மாணவருக்கு, தேர்ச்சி விகிதம் குறைந்துவிடுமோ என்ற பயம் ஆசிரியருக்கு. ஆனால் கையெழுத்து என்பது ஒரு சடங்கு, அதற்கும் நடந்ததற்கும் தொடர்பு வேண்டியதில்லை என்ற பாடம் அந்தப் பக்கத்தில் முழுமையாகக் கற்பிக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வகத்தில் வராத ரீடிங்கை எழுதிப் பழகிய கை எம்-புக்கில் எடுக்காத அளவை எழுதத் தயங்க வேண்டும் என்று நாம் எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்?

மாணவரை மட்டும் சுட்டி நாம் தப்பிக்கவும் முடியாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட செய்தி நினைவிருக்கும். தமிழகத்தில் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்றது அந்த அமைப்பு. முறைகேடு நடந்ததை அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரும் ஒப்புக்கொண்டார். இணைப்பு அங்கீகாரத்துக்காகக் கல்லூரிகள் தரும் பட்டியல் அது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு அனுப்புகிறார். ஆய்வுக் குழு வந்து பார்த்துக் கையெழுத்திட்டுப் போகிறது. வகுப்பில் இல்லாத ஆசிரியர் காகிதத்தில் இருந்தார்; மாணவர் கட்டிய கட்டணமோ உண்மையானது. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்து நேர்மை, உழைப்பு, அர்ப்பணிப்பு என்ற அலகை ஓர் இளைஞர் படிக்கிறார். சொல்லப்படுவதைவிட நடப்பதைப் பார்த்தே பிள்ளைகள் கற்கிறார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததே. கல்லூரிக்கும் அது பொருந்தும் என்பதை மட்டும் நாம் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறோம்.

இந்தப் பழக்கத்தோடு அவர் வேலையில் சேர்கிறார். அதிகாலை இருட்டில் திண்டிவனம் நிறுத்தத்தில் நின்று கம்பெனி பேருந்து ஏறி மறைமலைநகருக்கோ ஒரகடத்துக்கோ போகிறார். அல்லது சென்னையில் ஏழெட்டுப் பேரோடு அறை பகிர்ந்து மென்பொருள் எழுதப் போகிறார். தொழிற்சாலையில் அவருக்கு முதலில் வரும் தாள் செக்ஷீட். வெப்பம், அழுத்தம், போல்ட்டின் முறுக்கு என்று மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்க வேண்டியதை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாக டிக் போட்டுவிடலாம் என்று பக்கத்தில் இருப்பவர் அன்போடு சொல்லித் தருகிறார். மென்பொருள் நிறுவனத்தில் அது வேறு வடிவில் வருகிறது. “முடிஞ்சிருச்சா?” என்று குழுத்தலைவர் கேட்கிறார். “ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு சார், ஈவ்னிங் கொடுத்துடறேன்” என்று பதில் போகிறது. தொடங்கியே இருக்காத வேலையைப் பற்றி அந்தப் பதிலைச் சொல்பவர் பொய்யர் என்று நினைத்தால் நாம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அடி விழும் வகுப்பறையில் வளர்ந்தவர் அவர். பெரியவர் முன்னால் மறுத்துப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று கேட்டு வளர்ந்தவர். அந்த வேலையை நம்பி வீட்டில் கல்விக் கடனும், தங்கையின் படிப்பும், அடகிலிருக்கும் நகையும் காத்திருக்கின்றன. அவருடைய பொய்யில் பயம் முக்கால் பங்கு, பணிவு கால் பங்கு.

ஆகவே இந்த இளைஞர்களுக்கு நாம் முதலில் சொல்லித் தரவேண்டியது, கெட்ட செய்தியை உரிய நேரத்தில் சொல்லும் முறை. “சார், இதை இன்னும் ஆரம்பிக்கல. இந்த இடத்தில் புரியாம நிக்குறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னா எனக்கு ஒருத்தர் துணை வேணும்” என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதில் மரியாதைக்குக் குறைவில்லை. மேலதிகாரியின் நேரத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதையும் இல்லை. செவ்வாய்க்கிழமை சொன்னால் அது தகவல். வெள்ளி மாலை சொன்னால் அது சேதம். குறித்த நேரத்துக்கு வருவது, சொன்ன வேலையை எழுதிவைத்துக்கொள்வது, கிடைத்த மின்னஞ்சலுக்குப் பதில் தருவது, செய்த தவறைத் தானே முதலில் தெரிவிப்பது எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து வருபவை. என் சொல்லை நம்பி இன்னொருவர் தன் வேலையைத் திட்டமிடலாம் என்ற உறுதியை அவை தருகின்றன. உடை, உச்சரிப்பு, கைகுலுக்கல் ஆகியவை அந்த உறுதி இருக்கும் இடத்தில் அழகு சேர்க்கும். அது இல்லாத இடத்தில் அவற்றால் சில மாதங்களைத்தான் கடத்த முடியும்.

ஆனால் நேர்மையை ஒரு தரப்பிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. வளாகத் தேர்வில் ஒரு கையில் இரண்டு பணி ஆணைகளை வைத்துக்கொண்டு, சேரும் நாளன்று சொல்லாமல் வேறிடம் போய்விடும் இளைஞர்களைப் பற்றி நிறுவனங்கள் குறைப்படுகின்றன. பொய்யான அனுபவச் சான்றிதழைக் காசுக்கு வாங்கி வேலையில் சேர்கிறவர்களைப் பற்றியும் குறைப்படுகின்றன. இரண்டும் தவறுதான். அதேவேளை, 2022இல் இன்போசிஸ் நிறுவனம் தேர்ந்தெடுத்த இளம் பொறியாளர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கையில் பணி ஆணையோடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள் என்பதும் நாடறிந்தது. அந்த ஆணையிலும் ஒரு கையெழுத்து இருந்தது. அசல் சான்றிதழ்களைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் உண்டு. பயிற்சிச் செலவு என்று பெரும் தொகைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்பிரமணியன் தொண்ணூறு மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். அவர்கள் கட்டியெழுப்பியதற்கு உரிய மதிப்பைக் கொடுத்துக்கொண்டே நாம் ஒன்றைக் கேட்கலாம்: சோர்ந்த கண்ணால் சரிபார்த்த அளவுக்கு யார் பொறுப்பு? பன்னிரண்டாம் மணி நேரத்தில் போட்ட டிக் முதல் மணி நேரத்தில் போட்டதற்கு நிகராகாது. ஓய்வு என்பது சலுகையாகத் தெரியலாம். பொறியியலில் அது பாதுகாப்பின் ஒரு பகுதி.

இளம் பொறியாளரின் நடத்தையை மேலே இருப்பவரோடு வைத்தே நாம் அளக்கிறோம். கீழே இருப்பவரிடம் அவர் எப்படி நடக்கிறார் என்பதுதான் கடினமான சோதனை. இருபத்திரண்டு வயதில் மேற்பார்வையாளராகச் சேர்பவரின் கீழே, இருபது ஆண்டு இயந்திரம் ஓட்டிய ஆபரேட்டர் இருக்கிறார். கட்டுமானக் களமென்றால் அப்பா வயதுள்ள மேஸ்திரியும் அம்மா வயதுள்ள சித்தாளும் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லி அதட்டுவதுதான் அதிகாரம் என்று சிலர் முதல் மாதமே கற்றுக்கொள்கிறார்கள். “தம்பி, இந்த இடத்துல மண்ணு சரியில்ல, இன்னும் ரெண்டடி தோண்டணும்” என்று மேஸ்திரி சொல்லும்போது, வரைபடத்தில் அப்படி இல்லை என்று வாயை அடைப்பவர் ஒருவர். “சொல்லுங்கண்ணே” என்று இறங்கி வந்து பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதுகிறவர் இன்னொருவர். இரண்டாமவரின் கட்டடம்தான் நிற்கும். கையுறையும் தலைக்கவசமும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைத்ததா என்று பார்க்காமல், கிடைத்ததாக எழுதும் தாளில் இடுவதும் பொய்க் கையெழுத்தே.

இந்த வட்டாரத்திலிருந்து போகிறவர்கள் கூடவே இன்னொரு சுமையையும் கொண்டுபோகிறார்கள். அதைப் பேசாமல் பணிப்பண்பைப் பேசுவது அரைகுறையாகிவிடும். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், பட்டியல் சாதியினர் உள்ளே நுழைந்ததை ஒட்டி எழுந்த தகராறால், திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்தப் பகுதியின் பிள்ளைகள் ஒரே பேருந்தில் ஒரே தொழிற்சாலைக்குப் போய் ஒரே கேண்டீனில் சாப்பிடுகிறார்கள். அது பெரிய மாற்றம், காக்கப்படவேண்டிய மாற்றம். ஆனால் புதிதாகச் சேர்ந்தவரிடம், “நீங்க எந்த ஊரு?” என்று தொடங்கி, “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று போகும் விசாரணை நம் அலுவலகங்களில் இன்னும் நின்றபாடில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்பவருக்கு அது சாதாரணப் பேச்சு. கேட்கப்படுபவருக்கு அது எதற்காக என்பது நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பது ஒரு பொறியாளரின் பணித்தகுதியில் சேர்ந்ததாக எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்வதில்லை. உடன் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி அவள் இல்லாத இடத்தில் எப்படிப் பேசுகிறோம் என்பதும் அப்படித்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படி அணுகுவது என்பதை வேலையில் சேரும் பெண் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில்தான் அவளை நாம் வைத்திருக்கிறோம்.

மருத்துவர் தவறு செய்தால் அவருடைய பதிவைப் பறிக்க மருத்துவ மன்றம் உண்டு. வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பார் கவுன்சில். கட்டடக் கலைஞருக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி மன்றம் உண்டு. இந்தியாவில் பொறியாளருக்கு மட்டும் அப்படிப்பட்ட சட்டபூர்வப் பொது மன்றம் இல்லை. கனடாவில் 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாட்டில் 1925 முதல் பொறியாளர்கள் பட்டம் பெறும் காலத்தில் ஓர் உறுதிமொழி எடுத்து, எழுதும் கையின் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். நமக்கு உறுதிமொழியும் இல்லை, மன்றமும் இல்லை. உண்மையைச் சொல்பவருக்கு இருக்கும் காப்பும் மெலிந்தது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய இளம் பொறியாளர் சத்தியேந்திர துபே 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு நாட்டில் எழுந்த கோரிக்கையால் 2014இல் ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பத்து ஆண்டுகள் கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இந்த நிலையில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, நீ மட்டும் துணிந்து நில் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. அவர் துணிவதற்கு இடம் அமைத்துத் தருவது நம் வேலை.

அதைச் செய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆய்வகத்தில் வராத முடிவை வரவில்லை என்று எழுதி, ஏன் வரவில்லை என்று விளக்கும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருந்தால் போதும். தான் படிக்காத புராஜெக்டில் ஒப்பமிட மாட்டேன் என்று அவர் சொன்னால் போதும். வேலைவாய்ப்புப் பயிற்சியில் ஒரு நாளை ஒதுக்கி, ஓய்வுபெற்ற நல்ல பொறியாளர் ஒருவரை அழைத்து, எம்-புக்கும் செக்ஷீட்டும் எப்படி எழுதப்பட வேண்டும், எப்படி எழுதச் சொல்லி நெருக்குவார்கள், அப்போது என்ன பதில் சொல்வது என்று பேச வைக்கலாம். கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவரைத் திட்டாமலிருக்க நிறுவனங்கள் தங்கள் குழுத்தலைவர்களைப் பழக்கலாம். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், வேலை எப்படிப் போகிறது, மனத்துக்குச் சரியாக இருக்கிறதா என்றும் கேட்கலாம். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், சிபாரிசுக்கு வளையாதவர் என்ற பெயரோடுதான் அந்தப் பதவியை விட்டு இறங்கினார். அவ்வளவு பெரிய நாற்காலியில் அது முடிந்தது என்பதை இந்த மண்ணின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வேலையில் சேரப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்ல ஒன்றே உண்டு. உங்கள் ஆங்கிலம் ஓர் ஆண்டில் தேறிவிடும். உடையும் நடையும் ஆறு மாதத்தில் வந்துவிடும். அவற்றை நினைத்து வெட்கப்பட வேண்டாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். முதல் மாதத்தில் சிறிய தாளில் இதைக் காப்பாற்றுவது எளிது. பத்தாம் ஆண்டில் பெரிய தாள் உங்கள் முன் வரும்போது அந்தப் பழக்கம் ஒன்றுதான் துணைக்கு நிற்கும். நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் நம்பி, உங்களுக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பாலத்தைக் கடக்கிறார், அந்த வண்டியில் ஏறுகிறார், அந்தக் கரையில் உறங்குகிறார். அவரை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.